பழைய கடவுச்சீட்டு கையில் இல்லை: கனடியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்குக் கனடாவில் நிரந்தர வதிவிடம் கிடைத்து ஐந்து வருடம் நிறையப் போகிறது. வீடு மாறியபோது பழைய இலங்கைக் கடவுச்சீட்டு எங்கேயோ போய்விட்டது. இப்போது இருப்பது இரண்டு வருடத்துக்கு முன்னர் எடுத்த புதியது. பழையதில் கொழும்புக்கும் சென்னைக்கும் போய்வந்த முத்திரைகள் இருந்தன. மனைவி அகதியாக வந்தவர், அவரிடம் இலங்கைக் கடவுச்சீட்டே கிடையாது, கனடா அகதிகளுக்குக் கொடுக்கும் நீல நிறப் பயண ஆவணம் மட்டும். "இரண்டு பேரும் விண்ணப்பிக்கலாமா? அந்த இடைவெளிக்கு என்ன எழுதுவது? மனைவிக்கும் ஒரு இலங்கைக் கடவுச்சீட்டு எடுத்துவிட்டுப் போடுவது நல்லதா?"

முதல் கேள்விக்கு விடை: விண்ணப்பிக்கலாம் தம்பி, இரண்டு பேருமே. கடைசிக் கேள்விக்கு விடை: வேண்டாம், தயவுசெய்து தூதரகப் பக்கமே போகாதீர்கள். அது ஏன் என்று கீழே விரிவாகச் சொல்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. படிவம் நிரப்பத் தெரியாத சனத்துக்குக் காசு வாங்காமல் பக்கத்தில் இருந்து உதவுகிறவன், அவ்வளவுதான்.

கடவுச்சீட்டைத் தொலைத்தவருக்குக் குடியுரிமை இல்லை என்று சட்டத்தில் எங்கும் கிடையாது. விண்ணப்பிக்கும் நாளில் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு இருக்க வேண்டும் என்றும் இல்லை. அடையாளத்துக்குச் சாரதி அனுமதிப்பத்திரமும் சுகாதார அட்டையும் போதும். கடவுச்சீட்டோடு தொடர்புபட்டுச் சட்டம் கேட்பது, விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்கும் நாளுக்கு முந்திய ஐந்து வருடத்தில் 1,095 நாள் கனடாவுக்குள் இருந்தீர்களா என்பதைத்தான். அதிகாரி கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்ப்பதும் பெரும்பாலும் இதற்காகவே. ஆகவே பரணையும் நிலவறையையும் ஒருமுறை நன்றாகத் தேடிப் பாருங்கள், கிடைக்காவிட்டால் விடுங்கள். அதற்குள் இருந்த திகதிகளை வேறு வழியில் திரட்ட வேண்டும். பிறகு அவர்கள் கேட்பதற்கு முன்னர் நீங்களே அந்த இடைவெளியைச் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் பயம் பாதி குறைந்துவிடும். ஐந்து வருடம் என்பது 1,826 நாள் அளவு. அதில் 1,095 போனால் மிச்சம் 731. அதாவது இந்த ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் வெளியே இருந்திருந்தாலும் நீங்கள் தகுதியானவர். நீங்கள் சொன்னபடி ஒரு கொழும்புப் பயணம், ஒரு சென்னைக் கலியாணம், இடைக்கிடை எல்லை தாண்டி அமெரிக்காவின் பஃபலோவுக்குக் காரில் போனது, எல்லாம் சேர்த்தாலும் மூன்று மாதத்தைத் தாண்டாது. இப்படி உபரி நாள் நிறைய இருப்பவருக்கும், 1,100 நாளில் தொங்கிக்கொண்டு போடுகிறவருக்கும் தொலைந்த கடவுச்சீட்டு ஒரே அளவு பிரச்சினை இல்லை. இரண்டாமவரிடம் நான் சொல்வது, இன்னும் இரண்டு மூன்று மாதம் பொறுத்துப் போடுங்கள் என்பதுதான். சரியாக 1,095இல் போடாமல் கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்லிக் குடிவரவு, குடியுரிமைத் திணைக்களமே அறிவுறுத்துகிறது. கடவுச்சீட்டும் இல்லாதவர் அந்த அறிவுரையை இரட்டிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனிப் படிவம். பெரியவர்களுக்கான CIT 0002 படிவத்தில், அந்த ஐந்து வருடத்தில் உங்களிடம் இருந்த எல்லாக் கடவுச்சீட்டுகளையும் பயண ஆவணங்களையும் எழுதச் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. இலக்கம், கொடுத்த நாடு, எப்போது முதல் எப்போது வரை. காலாவதியானது, ரத்தானது, தொலைந்தது எல்லாமே அதில் வர வேண்டும். இடைவெளி இருந்தால் காரணமும் கேட்கும். இங்கேதான் நம்மவர் கனபேர் சறுக்குகிறார்கள். கையில் உள்ள புதியதை மட்டும் எழுதிவிட்டு, "கேட்டால் சொல்வோம்" என்று விடுகிறார்கள். ஆனால் நீங்கள் இந்த நாட்டில் தரையிறங்கியதே பழைய கடவுச்சீட்டில்தானே? அதன் இலக்கம் திணைக்களத்தின் கணினியில் அன்றைக்கே ஏறிவிட்டது. புதியது கொடுக்கப்பட்ட திகதியைப் பார்க்கிற எந்த அதிகாரிக்கும் அதற்கு முந்திய மூன்று வருடம் என்னவாயிற்று என்ற கேள்வி வரும். வராவிட்டால்தான் அதிசயம்.

பழைய இலக்கம் நினைவில்லை என்று கவலைப்பட வேண்டாம். நிரந்தர வதிவிடத்தை உறுதிசெய்து தந்த தாளை எடுத்துப் பாருங்கள், அதில் பயண ஆவண இலக்கம் இருக்கும். அதுவும் இல்லையென்றால் ஸ்பொன்சர் விண்ணப்பத்தின் பிரதி, விமான நிறுவனத்தின் இணையக் கணக்கு, இந்திய விசாவுக்கு விண்ணப்பித்தபோது வந்த மின்னஞ்சல், இவற்றில் ஒன்றில் கட்டாயம் கிடக்கும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு இன்னும் சுலபம், புதியதன் கடைசிப் பக்கத்திலேயே பழையதன் இலக்கம் அச்சிட்டிருக்கும்.

விளக்கக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுத வேண்டும், ஆனால் உள்ளடக்கம் இப்படி இருந்தால் போதும்:

"எனது முந்திய இலங்கைக் கடவுச்சீட்டின் இலக்கம் இது. இந்தத் திகதி முதல் இந்தத் திகதி வரை செல்லுபடியானது. ஸ்காபறோவில் வீடு மாறிய மாதத்தில் தொலைந்தது. புதியதற்கு விண்ணப்பிக்கத் தேடியபோதுதான் இல்லை என்று தெரிந்தது. பொலிஸில் முறையிட்டேன், அறிக்கை எண் இது. அந்தக் கடவுச்சீட்டில் நான் கனடாவை விட்டு வெளியே போன பயணங்கள் இவை. அவற்றுக்கான பயணச்சீட்டுகளையும் எல்லைச் சேவைகள் முகவரகத்தின் பயண வரலாற்றையும் இணைத்திருக்கிறேன். இந்தக் காலத்தில் வேறு எந்தப் பயண ஆவணமும் என்னிடம் இருக்கவில்லை."

அந்தக் கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள். வேறொரு கடவுச்சீட்டில் போய்வந்திருப்பாரோ என்ற சந்தேகம்தான் அதிகாரிக்கு முதலில் வருவது.

ஆகாத கடிதம் எப்படி இருக்கும் என்றும் சொல்கிறேன். "என் கடவுச்சீட்டு தவறுதலாகத் தொலைந்துவிட்டது, அதற்காக மனம் வருந்துகிறேன், கருணை காட்டவும்" என்ற வகை. இதில் திகதி இல்லை, இலக்கம் இல்லை, பயணம் இல்லை. வருத்தத்தை வைத்து அவர் ஒரு நாளைக்கூட எண்ண முடியாது. இன்னொரு வகையும் உண்டு: தொலைந்தது என்றால் கவனக்குறைவாகத் தெரியும் என்று களவு போனதாக எழுதுவது. வேண்டாம். ரத்தானதுதானே என்று குப்பையில் போட்டிருந்தால் குப்பையில் போட்டேன் என்றே எழுதுங்கள். அது குற்றமில்லை, நம்பவும் சுலபம். தூதரகத்தில் புதியது எடுத்தால் பழையதில் வெட்டுப் போட்டுத் திருப்பித் தருவார்கள், அதற்குப் பெறுமதி இல்லை என்று நினைத்து எறிந்தவர்கள் ஏராளம்.

பொலிஸ் முறைப்பாடு தொலைந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு செய்தால் பெரிய பெறுமதி இல்லை, ஆனாலும் செய்வதில் நட்டமும் இல்லை. உங்களுக்கு அது தேவைப்படாமலே போகலாம். தொலைந்ததற்குப் பதிலாகப் புதியது எடுத்தபோது தூதரகத்தில் பொலிஸ் அறிக்கை கேட்டிருப்பார்கள். அதன் பிரதியைத் தேடுங்கள், அன்றைய திகதியிட்ட அந்தத் தாள் இன்றைக்கு எழுதும் எந்தக் கடிதத்தையும்விட வலுவானது. அதுவும் இல்லையென்றால் நொத்தாரிசு முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்துவிடலாம். ஊரில் தொலைத்து, அங்கே பொலிஸில் கொடுத்த முறைப்பாடு தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் மொழிபெயர்ப்பு வேண்டும். சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்யாவிட்டால், செய்தவரின் சத்தியக்கடதாசியும் சேர வேண்டும். குடும்பத்தில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த பிள்ளை செய்தது செல்லாது.

இப்போது முக்கியமான வேலைக்கு வருவோம், திகதிகள்.

கடவுச்சீட்டு தொலைந்ததும் ஆதாரமே போய்விட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் கனடாவில் வாழ்ந்த நாளை நிரூபிக்கக் கடவுச்சீட்டு அவ்வளவு திறமான சாட்சி இல்லை. கனடா வெளியேறும்போது முத்திரை குத்துவதே இல்லை. திரும்பி வரும்போதும், விமான நிலையத்தில் இயந்திரம் வைத்த பிறகு, நிரந்தர வதிவிட அட்டை வைத்திருப்பவருக்குப் பல தடவை முத்திரை விழுவதில்லை. புத்தகத்தில் இருப்பது கட்டுநாயக்காவில் இறங்கிய திகதியும் ஏறிய திகதியும். நீங்கள் ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் ஏறியது அதற்கு முதல் நாளோ அதற்கும் முதல் நாளோ. கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே, கட்டுநாயக்கா முத்திரையைக் கனடாவை விட்டுப் போன நாளாக எழுதிப் பிழைவிட்டவர்களும் இருக்கிறார்கள். ஆகவே நீங்கள் இழந்தது நீங்கள் நினைக்கிற அளவு பெரிதில்லை.

திறமான சாட்சி அரசாங்கத்திடமே இருக்கிறது. கனடிய எல்லைச் சேவைகள் முகவரகம், நம்மவர் வாயில் சி.பி.எஸ்.ஏ., நீங்கள் உள்ளே வந்த ஒவ்வொரு தடவையையும் பதிகிறது. வெளியே போனதும் இப்போது பதிவாகிறது. தரைவழியாக அமெரிக்காவுக்குள் போகும் நிரந்தர வதிவிடக்காரரின் விபரத்தை இரண்டு நாடுகளும் 2013 ஜூன் 30 முதல் பரிமாறிக்கொள்கின்றன: நீங்கள் அங்கே நுழைந்த பதிவுதான் இங்கே வெளியேறிய பதிவு. விமானத்தில் வெளியேறுவது 2020 ஜூனில் இருந்து விமான நிறுவனங்கள் வழியாகச் சேகரிக்கப்படுகிறது. இன்றைக்கு விண்ணப்பிக்கிறவரின் ஐந்து வருடம் முழுவதும் இந்த வலைக்குள் வந்துவிடும். குடியுரிமைப் படிவத்திலேயே இந்தப் பதிவைத் திணைக்களம் பார்க்கலாம் என்று சம்மதம் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. கடவுச்சீட்டு இல்லாதவர் அதற்குத் தயங்காமல் ஆம் போட வேண்டும். உங்கள் பக்கச் சாட்சியே அதுதான்.

அவர்கள் பார்ப்பதற்கு முன்னர் நீங்கள் பாருங்கள். தனியுரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் பயண வரலாற்றைக் கேட்டு சி.பி.எஸ்.ஏ.வுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. சட்டப்படி 30 நாள், நடைமுறையில் இழுபடுவதும் உண்டு, அதனால் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள். கேட்கும்போது வருகை மட்டுமன்றி வெளியேற்றமும் வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். பழைய இலக்கம், புதிய இலக்கம் இரண்டையும் கொடுங்கள். பெயர் எழுதப்படும் எல்லா விதங்களையும் கொடுங்கள். நமக்குத் தகப்பன் பெயர் முன்னால் ஒரு தாளிலும் பின்னால் ஒரு தாளிலும் இருக்கும், ஒரு எழுத்துக் கூடக்குறைய இருக்கும். அதனாலேயே ஒரு பயணம் அறிக்கையில் விடுபட்டுப்போகலாம்.

அறிக்கை வரும் வரைக்கும் சும்மா இருக்க வேண்டியதில்லை. மின்னஞ்சலில் விமான நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள், மின் பயணச்சீட்டு எப்படியும் அங்கே இருக்கும். பயண முகவரிடம் காசு கொடுத்து எடுத்திருந்தால் அவரிடம் பழைய பதிவு இருக்கும், கேட்டால் அச்செடுத்துத் தருவார். மனைவியோ பிள்ளைகளோ கூட வந்திருந்தால் அவர்களின் முத்திரைகள் உங்களுக்கும் பொருந்தும். வேலையிடத்து விடுமுறைப் பதிவு, சென்னையில் கடனட்டை உரசிய நாட்கள், கலியாண வீட்டில் கைப்பேசியில் எடுத்த படங்களின் திகதி, எல்லாம் ஞாபகத்தைத் தட்டி எழுப்பப் பயன்படும். படங்களை இணைக்கத் தேவையில்லை, திகதியைப் பிடித்தால் போதும். அமெரிக்கப் பயணங்களுக்கு அந்த நாட்டு எல்லைத் துறையின் இணையதளத்தில் உங்கள் வருகைப் பதிவைப் பார்க்கலாம்.

இரண்டு இடத்தில் கண்ணை ஊன்றிப் பார்க்க வேண்டும். ஒன்று, நள்ளிரவு விமானங்கள். வெள்ளி இரவு வீட்டில் எல்லாரும் அழுது வழியனுப்பியது நினைவிருக்கும், ஆனால் விமானம் புறப்பட்டது சனி அதிகாலை 12:40க்கு. உங்கள் பட்டியலில் வெள்ளி, அவர்களின் பதிவில் சனி. இரண்டாவது, திகதி எழுதும் முறை. 03/07/2022 என்பது நமக்கு ஜூலை 3, அமெரிக்கர் எழுதும் முறையில் மார்ச் 7. நான்கு மாதம் வெளியே இருந்ததாகக் காட்டிய ஒருவரின் பட்டியலைப் பிரித்துப் பார்த்தால் விடயம் இவ்வளவுதான். நாள் கணக்குப் போடும் திணைக்களத்தின் இணையக் கருவியில் வருடம், மாதம், நாள் என்ற ஒழுங்கில் பதிய வேண்டும், எல்லாவற்றையும் முதலிலேயே அந்த ஒழுங்குக்கு மாற்றி ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

போன நாளும் வந்த நாளும் கனடாவில் இருந்த நாளாகவே எண்ணப்படும். ஆகவே காலையில் பஃபலோவுக்குப் போய் மாலையில் திரும்பியது ஒரு நாளையும் குறைக்காது. ஆனால் சி.பி.எஸ்.ஏ. பதிவில் அது இருக்கும். பட்டியலில் அதையும் எழுதினால் இரண்டு பக்கமும் பொருந்திப் போகும், உங்கள் பட்டியல் கவனமாகச் செய்யப்பட்டது என்பதும் தெரியும். ஒரு நாள் அங்கே இங்கே பிசகினால் யாரும் உங்களைப் பொய்யர் என்று சொல்லப் போவதில்லை. ஒரு முழுப் பயணத்தை விட்டுவிட்டு, அதுவும் கடவுச்சீட்டு தொலைந்த காலத்துப் பயணத்தை விட்டுவிட்டுப் போனால்தான் வில்லங்கம். முக்கியமான விபரத்தை மறைத்தார் அல்லது திரித்தார் என்று முடிவாகினால் விண்ணப்பம் மறுக்கப்படுவதோடு ஐந்து வருடத்துக்குத் திரும்பப் போடவும் முடியாது. திகதி உறுதியாகத் தெரியாத பயணத்தை, இந்த ஆதாரத்தை வைத்துக் கணித்த திகதி என்று குறிப்போடு எழுதுங்கள். ஊகத்தை உறுதி மாதிரி எழுத வேண்டாம்.

காசு வாங்கிப் படிவம் நிரப்பும் ஆட்களைப் பற்றியும் ஒரு சொல். சட்டத்தரணியோ, குடிவரவு ஆலோசகர்களுக்கான கல்லூரியில் பதிந்த ஆலோசகரோ போல அனுமதி பெற்றவர் இல்லாத ஒருவர் கட்டணம் வாங்கி இதைச் செய்வது சட்டவிரோதம். அது அவர் பாடு. ஆனால் வேலை சுருங்கட்டும் என்று அவர் பழைய கடவுச்சீட்டை எழுதாமல் விட்டால், கீழே கையெழுத்து உங்களுடையது.

இப்போது உங்கள் மனைவியின் கதை. இது உங்களுடையதைவிட நிதானம் தேவைப்படுகிற கதை.

பாதுகாக்கப்பட்டவராக ஏற்கப்பட்டு நிரந்தர வதிவிடம் பெற்றவரிடம் சொந்த நாட்டுக் கடவுச்சீட்டு இல்லாதது குறையே இல்லை. இருந்தால்தான் கேள்வி. அவர் தன்னிடம் இருந்த அகதிப் பயண ஆவணத்தின் இலக்கத்தையும் காலத்தையும் எழுத வேண்டும். பழையது புதியதற்கு விண்ணப்பித்தபோது அனுப்பப்பட்டு அப்படியே போயிருந்தால் அதைச் சொல்லலாம். இரண்டுக்கும் நடுவில் எந்த ஆவணமும் இல்லாமல் இருந்த காலத்துக்கு, "இந்தத் திகதி முதல் இந்தத் திகதி வரை என்னிடம் பயண ஆவணம் எதுவும் இல்லை, நான் கனடாவை விட்டு வெளியே போகவில்லை" என்ற ஒரு வரி போதும். ஆவணம் இல்லாதவர் பயணம் போயிருக்க முடியாது என்பது அதிகாரிக்கும் தெரியும்.

அந்த இடைவெளியை நிரப்பவென்று இலங்கைத் தூதரகத்தில் கடவுச்சீட்டு எடுப்பது ஏன் ஆபத்து? தன் நாட்டின் பாதுகாப்பை ஒருவர் விரும்பித் திரும்ப ஏற்றுக்கொண்டால் அகதி நிலை முடிவுக்கு வரலாம் என்று குடிவரவுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு சொல்கிறது. சொந்த நாட்டுக் கடவுச்சீட்டை எடுப்பதும் புதுப்பிப்பதும் அப்படி ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாகவே முதலில் பார்க்கப்படும். 2012 டிசம்பர் 15க்கு முன்னர் இதனால் நிரந்தர வதிவிடம் போகாது. அன்று நடைமுறைக்கு வந்த மாற்றத்துக்குப் பிறகு, அகதி நிலை இந்தக் காரணத்தால் முடிந்தால் நிரந்தர வதிவிடமும் சேர்ந்தே போகும். அகதி நிலையை முடிக்கக் கேட்கும் வழக்கு நடந்து முடியும் வரை குடியுரிமை விண்ணப்பத்தை நிறுத்திவைக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. 2022இல், சொந்த நாட்டுக் கடவுச்சீட்டு எடுத்ததால் அகதி நிலை பற்றி வழக்குக்கு உள்ளான காமாயோ என்பவரின் வழக்கில் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம், அந்த மனிதருக்கு விளைவு தெரிந்திருந்ததா, எதற்காகப் போனார், எப்படிப் பாதுகாப்பாக இருந்தார் என்பதையெல்லாம் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று சொன்னது. அது பெரிய ஆறுதல்தான். ஆனாலும் இல்லாத வழக்கை நாமே போய் வாங்குவானேன்?

ஏற்கெனவே இலங்கைக் கடவுச்சீட்டு எடுத்தவர்கள், அதில் ஊருக்குப் போய்வந்தவர்கள், "அதைத் தொலைத்துவிட்டேன் என்று எழுதினால் முத்திரை தெரியாதே" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். மேலே சொன்ன சி.பி.எஸ்.ஏ. பதிவை நினைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு மறைந்தாலும் விமானம் மறையாது. மறைத்தால் இருந்த சிக்கலோடு பொய்யும் சேர்ந்துகொள்ளும். எழுதினாலோ அகதி நிலை பற்றிய விசாரணை தொடங்கலாம். ஆகவே அப்படிப்பட்டவர் படிவத்தைத் தொடுவதற்கு முன்னரே குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரைப் பார்க்க வேண்டும். இந்த ஓரிடத்தில் என்னைப் போன்ற ஆட்களின் சொல்லைக் கேட்காதீர்கள்.

வரும்போது ஏஜென்ட் கடவுச்சீட்டைப் பறித்துக்கொண்டு போன கதை நமக்குள் நிறைய. பெரும்பாலும் அது ஐந்து வருட எல்லைக்கு வெளியே நடந்தது, படிவம் கேட்பது ஐந்து வருடத்துக்குள் இருந்தவற்றை மட்டும். அகதிக் கோரிக்கை வைத்த அன்று எல்லையில் கடவுச்சீட்டை எடுத்து வைத்துக்கொண்டார்கள் என்றால் அது தொலைந்தது ஆகாது. "அதிகாரிகளால் எடுத்துவைக்கப்பட்டது" என்று எழுதி, அன்று தந்த ரசீதின் பிரதியை வையுங்கள். ரசீது இல்லாவிட்டாலும் உங்கள் கோப்பில் அந்தக் கடவுச்சீட்டின் பிரதி இருக்கும், தகவல் கோரிக்கை மூலம் எடுக்கலாம்.

மனைவியின் நாள் கணக்கில் இன்னொன்று. அகதியாக ஏற்கப்பட்ட நாளில் இருந்து நிரந்தர வதிவிடம் கிடைக்கும் வரைக்கும் உள்ள ஒவ்வொரு நாளும் அரை நாளாக எண்ணப்படும், உச்சம் 365. அந்த ஐந்து வருடத்துக்குள் விழும் நாட்களுக்கு மட்டும். கோரிக்கை வைத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலம் இதில் வராது. முடிவுக் கடிதத்தின் பிரதி இல்லாவிட்டால் அதையும் இப்போதே தேடத் தொடங்குங்கள்.

பிள்ளைகளின் பழைய கடவுச்சீட்டு காணவில்லை என்று தலையை உடைக்க வேண்டாம். பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்கும் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 1,095 நாள் நிபந்தனையே கிடையாது.

அனுப்பிய பிறகு என்ன நடக்கும்? பெரும்பாலும் ஒன்றும் நடக்காது, பரீட்சைக்கு அழைப்பு வரும், விண்ணப்பம் நகரும். சிலருக்கு வதிவிட வினாக்கொத்து வரும். வந்தால் பயப்படாமல் அதில் குறித்த நாளுக்குள் பதில் அனுப்புங்கள், நேரம் போதாவிட்டால் நாள் முடிவதற்கு முன்னர் நீடிப்புக் கேளுங்கள். அங்கே வாடகை ஒப்பந்தம், வருமானவரி மதிப்பீட்டு அறிவித்தல், சம்பளத் துண்டு, வைத்தியரிடம் போன பதிவு எல்லாம் கேட்கப்படும். ஒன்ராறியோவில் இருப்பவர் தன் சுகாதார அட்டையில் பதிவான வைத்தியர் சந்திப்புகளின் பட்டியலை மாகாண சுகாதார அமைச்சிடம் கேட்டு வாங்கலாம், நேரில் ஆள் நின்றதற்கு அதைவிட நல்ல ஆதாரம் குறைவு. ஆனால் இவற்றை முதல் விண்ணப்பத்தோடு பெட்டி கட்டி அனுப்பாதீர்கள். விளக்கக் கடிதம், பயண வரலாறு, பயணச்சீட்டுகள், இருக்கிற கடவுச்சீட்டின் பிரதி, இவ்வளவும் போதும். மிச்சத்தை வீட்டில் ஒரு கோப்பில் தயாராக வையுங்கள். அப்போதும் அதிகாரிக்கு நாள் கணக்கில் திருப்தி வராவிட்டால் விடயம் குடியுரிமை நீதிபதியிடம் போகும். அங்கே நீங்களே நேரில் விளக்கலாம்.

விண்ணப்பம் போன பிறகு, அலுமாரிக்குப் பின்னால் இருந்து பழைய கடவுச்சீட்டு வெளியே வந்தாலும் வரும். தொலைந்ததாக முறையிட்ட கடவுச்சீட்டில் பயணம் போகவே கூடாது, எல்லையில் மாட்டும். ஆனால் எறிந்தும் விடாதீர்கள். கிடைத்தது என்று திணைக்களத்துக்கு இணையப் படிவம் வழியாக அறிவித்து, எல்லாப் பக்கங்களையும் வெற்றுப் பக்கம் உட்பட ஸ்கேன் செய்து வையுங்கள், நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் மூலப்பிரதியைக் கொண்டுபோங்கள். அதில் உள்ள முத்திரைகளும் நீங்கள் எழுதிக் கொடுத்த பட்டியலும் ஒத்துப்போனால் அதற்கு மேல் கேட்க அவர்களுக்கும் ஒன்றும் இருக்காது.